பயிருக்கு வேண்டியது பாட்டில் இல்லை, தேதி

நெல் வயலுக்கு டானிக் அடிக்கும் பழக்கம் எங்கள் காவிரிப் பாசனப் பகுதியில் தொற்றுநோய் மாதிரி பரவிவிட்டது. இதைச் சொன்னால் உரக்கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அடித்த மூன்றாம் நாள் ‘பயிர் கிளம்பிடுச்சு’ என்று சந்தோஷப்படும் என் சொந்தக்காரர்களும் கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை. எழுபது வயதுக்கு மேல் ஒருவன் வாயைத் திறக்கத் தயங்கினால் பிறகு எப்போது திறப்பது?

நான் விவசாயப் பட்டதாரி இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி, உர மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு ஒன்பது மா நிலம் உண்டு. ஆகவே கல்லாவுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது, அந்தப் பக்கம் என்ன நடக்கிறது, இரண்டையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பயிருக்கு நாம் தருவதில் சாப்பாடும் உண்டு, உத்தரவும் உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் சாப்பாடு. அது கிலோக் கணக்கில் போக வேண்டும். ஒரு டன் நெல் விளைய பயிர் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு அறுபது கிலோ மூட்டையில் நாற்பது மூட்டை கண்டால் அது 2,400 கிலோ. அதற்கு நாற்பது கிலோ சுமாருக்குத் தழைச்சத்து உள்ளே போயிருக்க வேண்டும். மண்ணில் இருப்பது கொஞ்சம், நாம் போடுவது கொஞ்சம்.

வளர்ச்சி ஊக்கி என்பது உத்தரவு. ‘நீளு’, ‘நீளாதே’, ‘பூவை உதிர்க்காதே’ என்று செடிக்குச் சொல்லும் ரசாயனச் செய்தி. அதற்கு மில்லிகிராம் போதும். கடையில் விற்கும் ஜிப்ரலிக் அமில பாட்டிலில் 0.001 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். லிட்டருக்குப் பத்து மில்லிகிராம். இவ்வளவு கம்மியா என்று நான் கேலி செய்யவில்லை, உத்தரவுக்கு அவ்வளவே போதும். என் சண்டை வேறு. பட்டினி கிடப்பவனிடம் ‘ஓடு, ஓடு’ என்று உத்தரவு போட்டால் அவன் எவ்வளவு தூரம் ஓடுவான்?

இந்த ஜிப்ரலின் பிறந்த கதையே நெல் வயலில்தான் நடந்தது. ஜப்பானில் நெல்லுக்கு ‘பக்கானே’ என்று ஒரு நோய் உண்டு. முட்டாள் நாற்று என்று அர்த்தம். நோய் கண்ட நாற்று மற்றதைவிடக் கிடுகிடுவென்று உயரும், வெளிறும், நெல் வைக்காமல் போகும். 1926இல் தைவானில் வேலை செய்துகொண்டிருந்த குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, இதைச் செய்வது ஒரு பூஞ்சை விடும் பொருள் என்று காட்டினார். 1935இல் யபுட்டா என்பவர் அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். ‘பயிர் ஒரே வாரத்தில் எழும்பிவிட்டது’ என்று நாம் மெச்சும் அதே குணத்தைத்தான் அந்த ஊர் விவசாயி ‘முட்டாள்தனம்’ என்று பெயர் வைத்துத் திட்டினான்.

இன்னொன்றும் இருக்கிறது. 1966இல் ஐ.ஆர்.8 வந்ததே, நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். குட்டைப் பயிர். தண்டு தடி. எவ்வளவு யூரியா போட்டாலும் லேசில் சாயாது. ஏன் குட்டை? அந்த ரகத்தில் ஜிப்ரலின் சுரப்பு குறைவு. அதே காலத்தில் மெக்சிகோவிலிருந்து வந்த போர்லாக்கின் குட்டைக் கோதுமைகள் ஜிப்ரலின் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்காதவை. வழி வேறு, பலன் ஒன்று. அந்த இரண்டு பயிரிலும் ஜிப்ரலினின் ஆட்டத்தை அடக்கித்தான் பசுமைப் புரட்சியே நடந்தது. அறுபது வருஷம் கழித்து நாம் அதே ஜிப்ரலினைக் காசு கொடுத்து வாங்கி, அடக்கி வைத்த உயரத்தைத் திரும்ப எழுப்பிக்கொண்டிருக்கிறோம். தை மாதம் ஒரு மழை வந்தால் முதலில் படுப்பது எந்த வயல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி ஊக்கியே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பருத்தியில் பூவும் பிஞ்சும் உதிராமல் இருக்க என்.ஏ.ஏ. தெளிப்பது வேலை செய்கிறது. வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில், தாய்ப் பயிரின் கதிர் உறையை விட்டு வெளியே வர ஜிப்ரலிக் அமிலம் தேவைப்படுகிறது. நெல் தரிசு உளுந்துக்கு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பயறு ஒண்டர், சத்தும் ஊக்கியும் கலந்தது. அது சும்மா வந்ததில்லை.

கோதுமைக்காரர்களையும் பாருங்கள். ஐரோப்பாவில் 1960களிலிருந்தே கோதுமைக்குக் குளோர்மீக்வாட் தெளிக்கிறார்கள். கர்னாலில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிறுவனமும் முன்கூட்டி விதைத்து உரம் கூட்டிப் போடும் வயலுக்கு அதைச் சொல்கிறது. ஆனால் அந்த மருந்து என்ன செய்கிறது? தண்டைக் குட்டையாக்குகிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட பயிர் சாய்ந்துவிடாமல் கடிவாளம் போடுகிறது. சாப்பாடு முதலில், கடிவாளம் பிறகு. இங்கே நமக்கு விற்கப்படுவது சாட்டை. அதுவும் பசித்த மாட்டின் முதுகில்.

சாப்பாடு என்றேன். அதில் எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. பஞ்சாப், ஹரியானாவில் எந்த விவசாயியைக் கேட்டாலும் 21ஆம் நாள் என்பார். கோதுமைக்கு முடிவேர் விடும் நாள் அது. முதல் தண்ணீரும் அதையொட்டி யூரியாவும் அப்போது போக வேண்டும். நாள் தவறினால் தூர் போச்சு. நெல்லுக்கும் இப்படி நாட்கள் உண்டு. அவற்றைத்தான் மறந்துகொண்டிருக்கிறோம்.

தூர் கட்டும்போது போடும் யூரியா எத்தனை கதிர் என்பதைத் தீர்மானிக்கிறது. கதிர் உருவாகும்போது போடுவது, ஒரு கதிரில் எத்தனை மணி என்பதை. கதிர் வெளிவரும்போது போடுவது, மணி எவ்வளவு நிரம்பும் என்பதை. ஒரு கட்டத்தில் விட்டதை அடுத்த கட்டத்தில் பிடிக்க முடியாது. அதனால்தான் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நான்கு சம பாகமாகப் பிரித்துப் போடச் சொல்கிறது கோவைப் பல்கலைக்கழகம்.

இதில் கதிர் உருவாகும் நாளைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் காரணம். கணக்கு சுலபம். பூக்க ஒரு மாதம் முன்பு கதிர் உள்ளே உருவாகிறது. பூத்து ஒரு மாதத்தில் அறுப்பு. ஆகவே ரகத்தின் வயதிலிருந்து சுமார் 65 நாளைக் கழியுங்கள். ஆடுதுறை 43 போல 110 நாள் ரகம் என்றால் விதைத்த 45ஆம் நாள். வெள்ளைப் பொன்னி 135 நாள் என்றால் 70ஆம் நாள். சி.ஆர். 1009 போல 155 நாள் ரகத்துக்கு 90ஆம் நாள். சந்தேகமாக இருந்தால் தாய்த்தூர் ஒன்றைப் பிடுங்கி பிளேடால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். மேல் கணுவுக்கு மேலே வெள்ளையாக, பஞ்சு நுனி மாதிரி ஒரு பொட்டு தெரியும். அதுதான் உங்கள் கதிர். அதற்குச் சாப்பாடு அந்த வாரம் வேண்டும். பூட்டை கட்டிய பிறகு மணி எண்ணிக்கையைக் கூட்ட எந்த பாட்டிலாலும் முடியாது.

போடும் விதமும் இருக்கிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆனால் நெல் வயலில் போட்டதில் பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. நிறைந்த தண்ணீரில் வீசினால் மதிய வெயிலில் அம்மோனியாவாகக் காற்றில் போகும். காயவிட்டு நனைத்து, மறுபடி காயவிட்டால் வேறு வழியில் காற்றில் போகும். களை எடுத்து, தண்ணீரை வடித்து, சேற்றில் விழும்படி போட்டு, ஓரிரு நாள் கழித்துத் தண்ணீர் கட்ட வேண்டும். ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் பிண்ணாக்கு என்று கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போடுவது பழைய சிபாரிசு. இன்னும் செல்லுபடியாகிறது. இதில் எதற்கும் அலுமினியத் தாள் சுற்றிய பாட்டில் தேவையில்லை.

அளவும் சொல்லிவிடுகிறேன். எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்ற பொதுச் சிபாரிசை எடுத்துக்கொண்டால் ஏக்கருக்கு 60 கிலோ. நான்கு பாகம் என்றால் தடவைக்கு 15 கிலோ. யூரியாவாக அது 33 கிலோ சுமார், அதாவது மாவுக்கு 11 கிலோ. டி.ஏ.பி. அடியுரமாகப் போட்டிருந்தால் அதிலிருக்கும் தழைச்சத்தை முதல் பாகத்தில் கழித்துக்கொள்ளலாம்.

அதற்கும் மேலே துல்லியம் வேண்டுமா? இலை வண்ண அட்டை இருக்கிறது. பச்சைப் பட்டைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை, அவ்வளவுதான். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை வேளையில், உங்கள் நிழல் விழும்படி நின்றுகொண்டு, பத்துச் செடியில் முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் பட்டை, மற்ற ரகங்களுக்கு 4ஆம் பட்டை. பத்தில் ஆறு இலை அதைவிட வெளிறியிருந்தால் யூரியா போடு, இல்லையென்றால் சும்மா இரு. பயிரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி. இந்த அட்டை எத்தனை வீட்டில் இருக்கிறது? டானிக் கம்பெனி கொடுத்த காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்குகிறது.

இவ்வளவு சுலபம் என்றால் விவசாயி ஏன் செய்வதில்லை? இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுபவர்கள் ‘விவசாயிகள் யூரியாவை அள்ளிக் கொட்டுகிறார்கள், அறியாமை’ என்று எழுதுகிறார்கள். அறியாமை இல்லை ஐயா, பயம். மூன்றாம் வாரம் வேண்டிய யூரியா மூன்றாம் வாரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. லாரி என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு வரிசையில் நின்று கிடைத்ததை வாங்கி, கையில் இருப்பதை ஒரே தடவையாக வீசிவிடுகிறான். வீட்டில் வைத்தால் கட்டி தட்டிப் போகும், ஆளும் மறுபடி கிடைக்காது.

அதன் பிறகு நடப்பது ஒரு சங்கிலி. ஒரேயடியாகப் போட்டதில் பெரும்பாதி காற்றோடு போகிறது. மீதியில் இலை கருகருவென்று தழைக்கிறது. இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் விருந்துக்கு வருகின்றன. மருந்துச் செலவு. ஒரு மாதம் கழித்துக் கதிர் உருவாகும் நேரத்தில் பயிர் பசியில் மஞ்சள் தட்டுகிறது. அப்போது கடையில் யூரியா இல்லை, டானிக் இருக்கிறது! வெளிறின பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவனிடம் அதை விற்பதைவிடச் சுலபமான வியாபாரம் உலகத்தில் உண்டா?

யூரியா இருந்தாலும் எப்படித் தருகிறார்கள் என்று தெரியும்தானே. பேச்சு இப்படித்தான் போகும்.

“அண்ணே, யூரியா தனியாத் தர முடியாது. இந்த பாட்டில் ரெண்டு சேர்த்து எடுத்துக்கங்க. எங்களுக்கே மேலேர்ந்து அப்படித்தான் போட்டு அனுப்புறாங்க.”

“தம்பி, அதுக்குக் காசு இல்லையேப்பா.”

“அப்ப அடுத்த வாரம் வாங்கண்ணே, பார்க்கலாம்.”

அடுத்த வாரம் என்றால் தேதி போச்சு. இதைப் பயிர் தெரிந்த யாரும் செய்யலாமா? 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. உண்மை விலை அதைவிடப் பல மடங்கு, மீதியை அரசு மானியமாகக் கட்டுகிறது. அதாவது நம் எல்லோருடைய வரிப்பணம். அந்த மானிய மூட்டையைத் தூண்டில் புழுவாக மாட்டி, அதன் பின்னால் விலை கட்டுப்பாடில்லாத பாட்டிலை விற்கிறார்கள். யூரியாவில் கடைக்காரருக்கு நிற்பது மிகக் கொஞ்சம், பாட்டிலில்தான் லாபம். அவர் பிழைப்பு எனக்குப் புரிகிறது. அதை விவசாயியின் கழுத்தில் கட்டுவதுதான் புரியவில்லை.

இந்த பாட்டில்களின் லட்சணத்தை நான் சொல்ல வேண்டாம், அரசே சொல்லிவிட்டது. பயோ ஸ்டிமுலண்ட் எனப்படும் ஊக்கிகளை 2021இல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் சொன்ன கணக்கு இது: பல வருஷங்களாகச் சுமார் 30,000 சரக்குகள் எந்தச் சோதனையும் இல்லாமல் விற்றன, பிறகு 8,000 ஆயின, கண்டிப்புக் காட்டிய பின் நின்றது சுமார் 650. முப்பதாயிரத்தில் அறுநூற்றைம்பது! மீதியை வாங்கித் தெளித்த காசு யாருடையது? மானிய உரத்தோடு பாட்டிலைக் கட்டாயமாகத் தள்ளுவதை நிறுத்தச் சொல்லி முதலமைச்சர்களுக்கும் அவர் அப்போது கடிதம் எழுதினார். கடிதம் டெல்லியிலிருந்து சென்னை வரை வந்திருக்கும். நம் ஊர் உரக்கடைப் படியேறியதா?

நானோ யூரியாவையும் சொல்லாமல் விட முடியாது. 2021இல் வந்தபோது ஒரு மூட்டை யூரியாவுக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று சமம் என்றார்கள். அதில் 4 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிராம். மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். பிறகு 20 சதவீதம் என்று ஏற்றினார்கள். அப்போதும் 100 கிராம்தான். சாப்பாட்டை உத்தரவு மாதிரி மில்லியில் தர முடியும் என்ற கற்பனை இது. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு வருஷம் வயலில் போட்டுப் பார்த்தது. யூரியாவைக் குறைத்து இதைத் தெளித்ததில் நெல் விளைச்சல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் குறைந்தன. நாற்பது மூட்டை காண்கிற இடத்தில் ஐந்து மூட்டை போனால் குத்தகைக்காரன் வீட்டில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘எல்லாம் சரி, நான் டானிக் அடித்தேன், மூன்றே நாளில் பச்சை திரும்பியதே’ என்பார்கள். திரும்பலாம். பல டானிக்கில் கொஞ்சம் இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் கலந்திருக்கும், சிலவற்றில் தழைச்சத்தும் இருக்கும். குறை அதுதான் என்றால் துத்தநாக சல்பேட்டை எக்டேருக்கு 25 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவியிருந்தால் முடிந்தது. மேலும், பச்சை வேறு, மணி வேறு. களத்தில் அளப்பது நெல்லைத்தான், நிறத்தை இல்லை. என் பேச்சையும் நம்ப வேண்டாம், கடைக்காரர் பேச்சையும் நம்ப வேண்டாம். அடுத்த தடவை டானிக் அடிக்கும்போது நடு வயலில் ஒரு பட்டையை அடிக்காமல் விடுங்கள். நான்கு மூலையிலும் குச்சி நடுங்கள். அறுக்கும்போது அதையும், பக்கத்தில் அதே அளவு இடத்தையும் தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள். வித்தியாசம் பாட்டில் விலையைத் தாண்டினால் தாராளமாக அடியுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அரசாங்கத்திடம் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. மேட்டூர் திறக்கும் தேதி தெரியும். எந்தத் தாலுகாவில் எத்தனை ஏக்கர் நடவு என்று கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கிறது. ரகத்தின் வயதும் தெரியும். நட்ட மூன்றாம் வாரம் எவ்வளவு யூரியா, கதிர் உருவாகும் வாரம் எவ்வளவு என்று பள்ளிக்கூடப் பையன்கூடக் கணக்குப் போடுவான். அந்த வாரத்துக்கு முந்தின வாரம் சங்கத்தில் மூட்டை இறங்கியிருக்க வேண்டும். மொத்தத்தில் இவ்வளவு டன் ஒதுக்கிவிட்டோம் என்ற அறிக்கை வேண்டாம். தாளடிக்குத் தேவையான உரம் அறுப்புக்கு வந்தால் அது உரம் இல்லை, வெறும் மூட்டை.

இரண்டாவது, மானிய உரத்தோடு எதையாவது கட்டி விற்றால் கடையின் உரிமம் போக வேண்டும். ஒரு மாவட்டத்தில் இரண்டு பேருக்குப் போனால் போதும், மற்றவர்கள் தானாகத் திருந்துவார்கள். மூன்றாவது, முதல் மூட்டை வாங்கும்போதே ஒரு இலை வண்ண அட்டையை இலவசமாகக் கையில் கொடுக்க வேண்டும்.

நம்மைப் போன்ற வயதானவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வயலில் இறங்க முடியாவிட்டாலும் வரப்பில் நிற்கலாம். விதைத்த தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து, 65ஐக் கழித்து அந்த நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அந்த வாரம் பிள்ளையையோ பேரனையோ கூப்பிட்டு, ‘யூரியா வாங்கியாச்சா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டானிக் வாங்கியாச்சா என்று கடைக்காரர் கேட்பதற்குள் கேட்டுவிட வேண்டும்.